பேர்குசன் நகரத்துப் பிடியாணைகள்

பிடியாணை என்னும் சொல் காதில் விழுந்ததும் பெரும்பாலார் மனக்கண்முன் தோன்றுவது ஒரு கொடிய உருவம். கொலை புரிந்து தலைமறைவானவன், கொள்ளைப் பொருளோடு எல்லை கடந்தவன், பொது நிதியைக் கையாடி ஓடியவன் ஆகியோரையே அச்சொல் நினைவூட்டும். ஆனால், வீட்டு முற்றத்துப் புல்லை வெட்டாது விட்டவரும், மோட்டார் வண்டியைத் தகாத இடத்தில் நிறுத்தியவரும், நடைபாதையை விட்டு வீதியிலே நடந்து சென்றவரும் பிடியாணைக்கு அஞ்சி வாழ்ந்த ஒரு நகரத்தின் வரலாறு அண்மைக் காலத்திலே உலகறிய வெளிவந்தது. அந்நகரத்தின் பெயர் பேர்குசன்.

ஐக்கிய அமெரிக்காவின் நடுப்பகுதியில், மிசூரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையிலே அமைந்த பெருநகரம் சென் லூயிஸ். அதன் வடமேற்கே, சென் லூயிஸ் மாவட்டத்திலே அடங்கியது பேர்குசன். 1894ஆம் ஆண்டில் நகரமாக அமைக்கப்பெற்ற இச்சிற்றூரில், 2010ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி வாழ்ந்தோர் ஏறத்தாழ 21,000 பேர். 2014ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே இந்நகர நீதிமன்றம் விடுத்து, நிறைவேற்றப்படாமற் கிடந்த பிடியாணைகளில் பெயர் குறிக்கப்பட்டிருந்தோரோ 16,000 பேருக்கும் அதிகமாவர். அவர்கள் எல்லோரும் அந்நகரவாசிகள் அல்லர். அவ்வழியாகப் பயணஞ் செய்தபோது சிக்கிய அயலூரவரும் அத்தொகையில் அடங்குவர். எனினும், நகரத்துச் சனத்தொகையில் நாலில் மூன்று பங்குக்கு ஈடான மக்களைத் தேடப்படுவோராகப் பதிவு செய்து வைத்த ஒரு மன்றம் எவ்வாறு உருவாயிற்று? அப்பதினாறாயிரவரும் செய்த குற்றந்தான் யாது? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், பேர்குசனின் கதையைச் சிறிது பின்னோக்கிச் சென்று காணுதல் வேண்டும்.

1876ஆம் ஆண்டிலே சென் லூயிஸ் நகரம் தன்னைச் சூழ்ந்த மாவட்டத்தினின்றும் தன்னைத் தானே பிரித்துக்கொண்டது. வளம் மிக்க நகரம் வறிய நாட்டுப்புறத்தின் செலவைச் சுமக்க விரும்பாமையே அதற்குக் காரணம். பிரிந்த நகரத்தின் எல்லை அன்றோடு நிலைபெற்றுவிட்டது. அதன் பின்னர் அது விரிவடைய இயலவில்லை. எனவே, நகரத்துக்கு வெளியே குடியேறியோர் தத்தம் குடியிருப்புகளைத் தனித்தனி நகரசபைகளாக அமைத்துக்கொள்ளத் தொடங்கினர். காலப்போக்கில் அம்மாவட்டத்தில் ஏறத்தாழ 90 நகரசபைகள் தோன்றின. சில சபைகளின் எல்லையைச் சில நிமிட நேரத்தில் நடந்தே கடந்துவிடலாம்.

இந்தப் பிரிவினைகளுக்குப் பின்னால் நிற வேற்றுமையும் தொழிற்பட்டது. 1916ஆம் ஆண்டிலே சென் லூயிஸ் வாக்காளர், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே வட்டாரத்திற் குடியிருத்தலைத் தடுக்கும் சட்டமொன்றை நிறைவேற்றினர். அடுத்த ஆண்டில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம், வேறொரு நகரத்து வழக்கிலே, அத்தகைய சட்டங்கள் செல்லா எனத் தீர்த்தது. சட்டத்தாற் செய்ய முடியாததை உறுதிப்பத்திரத்தாற் செய்யலாயினர். வீட்டைக் கறுப்பினத்தவருக்கு விற்கலாகாது என்னும் நிபந்தனைகள் காணி உறுதிகளிலே எழுதப்பட்டன. அந்நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என்று 1948ஆம் ஆண்டிலே உயர் நீதிமன்றம் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பும் சென் லூயிஸ் நகரத்து வீடொன்றைப் பற்றி எழுந்த வழக்கிலேதான் பிறந்தது. தடைகள் தளரத் தளரக் கறுப்பினக் குடும்பங்கள் புறநகர்களை நோக்கி வந்தன. வெள்ளையர் குடும்பங்களோ மேலும் அப்பாற் சென்றன. 1990ஆம் ஆண்டிலே பேர்குசன் மக்களில் நூற்றுக்கு 74 வீதத்தினர் வெள்ளையர். 2010ஆம் ஆண்டிலே நூற்றுக்கு 67 வீதத்தினர் கறுப்பினத்தவர். மக்கள் மாறினர், ஆட்சியும் பொலிஸ் படையும் மாறவில்லை. 2014ஆம் ஆண்டிலே அந்நகரப் பொலிஸ் உத்தியோகத்தர் 54 பேரிற் கறுப்பினத்தவர் நால்வரே.

இனிப் பணத்தின் கதை. சிறுசிறு சபைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நகராதிபதி, தனித்தனிப் பொலிஸ் படை, தனித்தனி மன்றம் வேண்டியிருந்தன. இவற்றுக்கான செலவைத் தாங்கத்தக்க வரி வருவாய் பல சபைகளுக்கு இல்லை. 1980ஆம் ஆண்டிலே மிசூரி வாக்காளர் ஏற்றுக்கொண்ட அரசியலமைப்புத் திருத்தமொன்று, மக்களின் வாக்கைப் பெறாது வரியை உயர்த்தலாகாது என விதித்தது. வரியை உயர்த்த வாக்கு வேண்டும். தண்டப்பணத்தை உயர்த்த வாக்கு வேண்டியதில்லை. சபைகள் எவ்வழியை நாடின என்பதை விளக்க வேண்டுவதில்லை. இவ்வழக்கம் சென் லூயிஸ் மாவட்டத்துக்கு மட்டும் உரியதன்று. மிசூரியின் வேறொரு பகுதியிலே, மக்ஸ் கிறீக் என்னும் சிறிய ஊர், நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும் வண்டிகளை மறித்தே தன் செலவை நடத்தி வந்தது. அதன் பெயராலேயே வழங்கும் சட்டம் 1995ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. போக்குவரத்துத் தண்டப்பணம் ஒரு சபையின் ஆண்டு வருவாயில் நூற்றுக்கு 45 வீதத்தை மீறலாகாது என்பது அச்சட்டத்தின் விதி. பின்னர் அவ்வெல்லை 30 வீதமாகக் குறைக்கப்பட்டது. வருவாயில் ஏறக்குறைய அரைப்பங்கைக் குடிகளின் குற்றங்களிலிருந்தே பெறலாம் என்று சட்டமே ஒரு காலத்தில் இடமளித்தது என்பது கருதத்தக்கது.

பேர்குசன் நகரம் அவ்வெல்லையைத் தொடவில்லை. ஆயினும் அத்திசையிலேயே விரைந்து சென்றது. 2010ஆம் நிதியாண்டில் அதன் பொது வருவாய் ஏறத்தாழ 110 இலட்சம் டொலர். அதிலே தண்டப்பணமும் மன்றக் கட்டணங்களும் 13 இலட்சத்து 80 ஆயிரம் டொலர். 2015ஆம் நிதியாண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் எதிர்பார்க்கப்பட்ட தண்டப்பணமும் கட்டணமும் 30 இலட்சத்து 90 ஆயிரம் டொலர். ஐந்தே ஆண்டுகளில் அத்தொகை இரட்டித்து, அதற்கு மேலும் வளர்ந்தது. இவ்வளர்ச்சி தற்செயலாக நேர்ந்ததன்று. குற்றச்சீட்டு எழுதுவதை மும்முரப்படுத்தாவிடில் அடுத்த ஆண்டு வருவாயைக் கூட்டுதல் அரிது என்று நகரத்தின் நிதிப் பணிப்பாளர் 2010ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே பொலிஸ் தலைவருக்கு எழுதிய செய்தி பின்னர் வெளியாயிற்று. குற்றம் குறைந்தால் மகிழ வேண்டிய ஆட்சி, குற்றம் குறைந்தால் கவலைப்படும் நிலையை அடைந்தது. வேலியே பயிரை மேயத் தொடங்கியது.

மேய்வதற்குப் பயிரும் வேண்டுமன்றோ? நகரத்துச் சட்டக்கோவை அதனை அளித்தது. வீதியில் நடக்கும் விதம் பற்றிய குற்றம், பொலிஸாரின் சொற்படி நடவாக் குற்றம், அமைதிக்குப் பங்கம் விளைத்த குற்றம், புல்லும் களையும் உயர வளரவிட்ட குற்றம் எனப் பல அதிலே அடங்கியிருந்தன. புல் வளரவிட்ட ஒரே குற்றத்துக்கு 531 டொலரும், வீதியில் நடந்த விதத்துக்கு 302 டொலரும் விதிக்கப்பட்ட சந்தர்ப்பங்கள் உண்டு. வீதியில் நடந்த விதம் பற்றி 2011ஆம் ஆண்டு முதல் 2013ஆம் ஆண்டு வரை குற்றஞ்சாட்டப்பட்டோரில் நூற்றுக்கு 95 வீதத்தினர் கறுப்பினத்தவர். வெள்ளையர் நடக்கும் விதம் பொலிஸாரின் கண்ணிற் படவில்லை போலும்.

குற்றச்சீட்டு எவ்வாறு பிடியாணையாக மாறிற்று என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. நகர நீதிமன்றம் மாதத்தில் மூன்று நான்கு தடவை மாத்திரம் கூடியது. ஒரே அமர்விலே பலநூறு பேர் அழைக்கப்பட்டனர். மன்ற மண்டபத்துக்கு வெளியே வரிசை நீண்டது. மன்றத்தின் எழுதுவினைஞர்கள் நீதவானுக்கன்றிப் பொலிஸ் தலைவரின் மேற்பார்வைக்கே உட்பட்டிருந்தனர். அம்மாவட்டத்து மன்றங்கள் சிலவற்றிற் குழந்தைகளை அழைத்து வந்தோர் உள்ளே செல்ல விடப்படவில்லை என்பதைச் சட்டத்தரணிகள் எடுத்துக் காட்டினர். குழந்தையை ஒப்படைக்க ஆளில்லாத தாய், வேலையை விட்டு வர முடியாத கூலியாள், கையிற் பணமின்றி மன்றுக்குச் சென்றால் அங்கேயே பிடித்து அடைத்துவிடுவர் என்று அஞ்சியவர் ஆகியோர் குறித்த நாளில் வரவில்லை. வராதவர்மீது, மன்றில் முன்னிலையாகாமை என்னும் புதிய குற்றம் சாட்டப்பட்டது. அதற்குப் புதிய தண்டப்பணம். அதனோடு ஒரு பிடியாணை. வாகனம் ஓட்டும்போது செய்த பிழையாயின், சாரதி அனுமதிப்பத்திரமும் இடைநிறுத்தப்பட்டது. முழுத்தொகையையும் செலுத்தி முடிக்கும்வரை அது மீளவில்லை. பொதுப் போக்குவரத்துக் குறைந்த அந்நாட்டுப் புறநகரிலே, அனுமதிப்பத்திரம் இன்றி வேலைக்குச் செல்லுதல் எளிதன்று. வேலைக்குச் செல்லாவிடில் தண்டப்பணம் செலுத்த வழியில்லை. அனுமதிப்பத்திரமின்றி ஓட்டிச் சென்றால் அதுவும் ஒரு குற்றம். இவ்வாறு ஒரு முடிச்சை அவிழ்க்க முயன்றவரின் கையிலே இன்னொரு முடிச்சு விழுந்தது.

மன்றில் முன்னிலையாகாமை என்னும் இவ்வொரு குற்றத்திலிருந்து மாத்திரம் 2013ஆம் ஆண்டிலே அம்மன்று பெற்ற தொகை ஏறத்தாழ 4 இலட்சத்து 43 ஆயிரம் டொலர். அது மன்றின் அவ்வாண்டு வசூலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அதே ஆண்டில் விடுக்கப்பட்ட பிடியாணைகள் 9,000க்கும் அதிகம். அவற்றுட் பெரும்பாலானவை பொதுமக்களின் பாதுகாப்பைக் கருதி விடுக்கப்பட்டவையல்ல. பணம் வசூலிக்கும் கருவிகளாகவே அவை பயன்பட்டன என்று பின்னர் நடந்த அரசாங்க விசாரணை முடிவு செய்தது.

அவ்விசாரணை அறிக்கையிலே பெயர் குறிப்பிடப்படாத ஒரு பெண்ணின் கதை உண்டு. 2007ஆம் ஆண்டில் அவர் தம் மோட்டார் வண்டியைத் தகாத முறையிலே நிறுத்தினார். அவருக்கு இரண்டு குற்றச்சீட்டுகள் கிடைத்தன. தண்டம் 151 டொலரும் கட்டணங்களும். அக்காலத்திலே அவர் வறுமைப்பட்டிருந்தார். இருக்க வீடின்றியும் சில காலம் கழித்தார். மன்றுக்குச் செல்லாமையாலும் தவணைப் பணம் செலுத்தாமையாலும் 2007ஆம் ஆண்டுக்கும் 2010ஆம் ஆண்டுக்கும் இடையில் ஏழு தடவை முன்னிலையாகாமைக் குற்றம் அவர்மீது சாட்டப்பட்டது. ஒவ்வொரு தடவையும் பிடியாணையும் புதிய தண்டமும் தொடர்ந்தன. இரண்டு தடவை கைது செய்யப்பட்டு, ஆறு நாள் சிறையிருந்தார். பிற்காலத்திலே ஒருமுறை 25 டொலரும், இன்னொருமுறை 50 டொலரும் செலுத்த முன்வந்தார். முழுத்தொகையும் அல்லாத காரணத்தால் மன்று அப்பணத்தைத் திருப்பிவிட்டது. 2014ஆம் ஆண்டு டிசெம்பரில், ஏழு ஆண்டுகள் கழிந்த பின்னர், அவர் செலுத்தி முடித்தது 550 டொலர்; இன்னும் செலுத்த வேண்டியிருந்தது 541 டொலர். வட்டிக்கடைக்காரனும் இவ்வளவு வன்மையாகக் கணக்கு எழுதியிருப்பானா என்பது ஐயமே.

இத்தகைய பிடியாணையைத் தலைமேற் கொண்டு நாளாந்தம் வாழ்தல் எத்தன்மைத்து? பாண்டவர் விராட நகரிலே அஞ்ஞாதவாசம் இருந்தனர் என்று பாரதக்கதை கூறும். அவ்வாசத்துக்கு ஓராண்டு என்று ஓர் எல்லை இருந்தது. பேர்குசன் மக்களின் அஞ்ஞாதவாசத்துக்கு எல்லை குறிக்கப்படவில்லை. அவர்கள் மாறுவேடம் பூணவில்லை. தம் சொந்த வீட்டிலே, சொந்தப் பெயரோடு வாழ்ந்தனர். ஆயினும், வீதியிலே ஒரு பொலிஸ் வண்டி பின்னால் வரக் கண்டால் நெஞ்சு துணுக்குற்றது. உத்தியோகத்தர் பெயரைக் கேட்டுப் பதிவேட்டிலே தேடினாற் போதும். அன்றைய வேலையும், அன்றைய கூலியும், பிள்ளையைப் பாடசாலையிலிருந்து அழைத்துவரும் கடமையும் அந்தக் கணத்தோடு நின்றுபோகும். 2012ஆம் ஆண்டு முதல் 2014ஆம் ஆண்டு வரை, நிலுவையிற் கிடந்த பிடியாணை ஒன்றை மாத்திரமே காரணமாகக் கொண்டு அந்நகரிற் கைதானோரில் நூற்றுக்கு 96 வீதத்தினர் கறுப்பினத்தவர்.

ஒரு நகரத்தோடு இத்துன்பம் முடிந்ததுமில்லை. ஏறத்தாழ 90 சபைகளும் அருகருகே இருந்தமையால், ஒருவர்மீது மூன்று நான்கு சபைகளின் பிடியாணைகள் ஒருங்கே நிலுவையில் இருத்தல் அங்கே அரிதன்று. ஒரு சபையின் மறியலிலிருந்து விடுபட்டவரை அடுத்த சபையின் பொலிஸார் வந்து அழைத்துச் செல்வர். அங்கிருந்து விடுபட்டதும் அதற்கடுத்த சபை காத்திருக்கும். ஊருக்கு ஊர் மாற்றப்படும் இந்நடைமுறைக்கு அங்குள்ள மக்கள் சீட்டாட்டத்தில் சீட்டுக் கலைப்பதைக் குறிக்கும் சொல்லால் ஒரு பெயரே இட்டிருந்தனர். அவர்கள் மனிதர்கள் அல்லர், கைமாறும் சீட்டுகள் என்பது போல.

பொலிஸாருக்கு அஞ்சுவோர் பொலிஸாரின் துணையையும் நாடார். பேர்குசனிலே ஒரு பெண் தம் வீட்டில் நிகழ்ந்த சச்சரவொன்றைப் பற்றி முறையிடப் பொலிஸாரை அழைத்தார். வந்த உத்தியோகத்தர், சச்சரவுக்குக் காரணமானவர் அவ்வீட்டிலே குடியிருப்பதற்கு அனுமதிச்சீட்டு இல்லை என்று கண்டு, முறையிட்ட பெண்ணையே கைது செய்தார். தம்மை எவரேனும் கொல்ல வந்தாலும் இனிப் பொலிஸாரை அழைப்பதில்லை என்று அப்பெண் கூறியதாக விசாரணை அறிக்கை குறிக்கின்றது. நகரத்தின் காவலைக் கருதி நிறுவப்பட்ட ஒரு படைக்கு இதனிலும் பெரிய தோல்வி வேறில்லை.

கைதானவர் குற்றமற்றவராயினும் இழப்பு இழப்பே. 2012ஆம் ஆண்டு கோடையிலே, பொதுப் பூங்காவிற் கூடைப்பந்து விளையாடிய ஒருவர் தம் வண்டியில் அமர்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்தார். உத்தியோகத்தர் ஒருவர் அவரை மறித்து, எட்டுக் குற்றங்களைச் சாட்டினார். தம் பெயரின் சுருக்க வடிவத்தைச் சொன்னமை பொய்யுரைத்த குற்றமாகவும், நின்றுகொண்டிருந்த வண்டியிலே ஆசனப்பட்டி அணியாமை இன்னொரு குற்றமாகவும் அமைந்தன. இக்குற்றச்சாட்டுகளின் விளைவாக, சமஷ்டி அரசாங்கத்தின் ஒப்பந்தப் பணியிலே பல ஆண்டுகள் வகித்த வேலையை அவர் இழந்தார்.

கடனுக்காக ஒருவரைச் சிறையிடும் வழக்கம் அமெரிக்காவிலே பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒழிக்கப்பட்டது. மிசூரி மாநிலத்து அரசியலமைப்பும் அதனைத் தடை செய்கின்றது. ஆனால், சட்டப்படி விதித்த தண்டப்பணத்தைச் செலுத்தாமைக்கு அத்தடையிலிருந்து விலக்களிக்கின்றது. தனியாருக்குப் பட்ட கடன் சிறைக்கு அனுப்பாது. நகரசபைக்குப் பட்ட கடன் அனுப்பும். இக்குறையை உயர் நீதிமன்றம் உணராமலில்லை. டெக்சாஸ் மாநிலத்து ஹியூஸ்டன் நகரிலே, போக்குவரத்துத் தண்டம் 425 டொலரைச் செலுத்த வகையற்ற ரேற் என்பவர், நாளொன்றுக்கு 5 டொலர் வீதம் 85 நாள் சிறைப்பண்ணையிலே கழிக்குமாறு அனுப்பப்பட்டார். பணமில்லை என்ற காரணத்துக்காகவே தண்டத்தைச் சிறைத்தண்டனையாக மாற்றுதல் சமத்துவத்துக்கு மாறானது என 1971ஆம் ஆண்டில் அவருடைய வழக்கிலே தீர்ப்பாயிற்று. செலுத்தும் ஆற்றல் ஒருவருக்கு உண்டா என்று ஆராயாது, செலுத்தாமைக்காக அவரைச் சிறையிடலாகாது என 1983ஆம் ஆண்டில் ஜோர்ஜியா மாநிலத்து வழக்கொன்றிலே அந்நீதிமன்றம் மேலும் வலியுறுத்தியது. இத்தீர்ப்புகள் நூல்களிலே இருந்தன. பேர்குசன் மன்றிலோ, உம்மாற் செலுத்த முடியுமா என்னும் அவ்வொரு கேள்வி கேட்கப்படவில்லை. ஏழைகளுக்குச் சட்டத்தரணி இல்லாத இடத்திலே உயர் நீதிமன்றத்தின் குரலும் எட்டுவதில்லை.

2014ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 9ஆம் நாள், மைக்கேல் பிரவுன் என்னும் 18 வயதுடைய கறுப்பின இளைஞரும் அவர் தோழரும் பேர்குசன் வீதியொன்றின் நடுவே நடந்து சென்றனர். நடைபாதைக்குச் செல்லுமாறு பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் பணித்தார். அதனைத் தொடர்ந்து எழுந்த மோதலில் அவ்வுத்தியோகத்தரின் துப்பாக்கிக்கு பிரவுன் இரையானார். உத்தியோகத்தர்மீது வழக்குத் தொடுக்க ஆதாரம் போதாது என்று மாநில விசாரணையிலும் சமஷ்டி விசாரணையிலும் முடிவாயிற்று. ஆயினும், அந்நிகழ்ச்சியைத் தொடர்ந்து வீதிகளிலே திரண்ட மக்களின் சீற்றம் ஒரு சாவினால் மாத்திரம் விளைந்ததன்று. வீதியில் நடந்த விதத்துக்காகப் பல ஆண்டுகள் தண்டம் இறுத்து வந்த மக்கள் அவர்கள். அதே மாதத்தில், அம்மாவட்டத்து ஏழைகளுக்காக வாதாடி வந்த ஆர்ச்சிற்றி டிபெண்டர்ஸ் என்னும் சட்டத்தரணிகள் சங்கம் நகர மன்றங்களின் நடைமுறையை விவரித்து அறிக்கை வெளியிட்டது. சமஷ்டி அரசின் நீதித் திணைக்களம் விரிவான விசாரணை நடத்தி, 2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4ஆம் நாள் தன் அறிக்கையை வெளியிட்டது. மேலே கூறிய எண்களும் பெயரற்றோரின் கதைகளும் பெரும்பாலும் அவ்வறிக்கையால் வெளிச்சமானவையே.

தண்டம் செலுத்தாதோர் பொறுப்புணர்ச்சி அற்றவர் என்று நகர அதிகாரிகள் சிலர் விசாரணையாளரிடம் கூறினர். இக்கூற்றை முற்றாகத் தள்ளிவிடுதலும் முறையன்று. வீதி விதிகள் எல்லோர் உயிரையும் காப்பன. அவற்றை மீறுவோர் தண்டம் இறுத்தல் வேண்டும். மன்று அழைத்தால் வருதல் வேண்டும். இவை எந்நாட்டுக்கும் பொருந்தும் நெறிகள். ஆனால், அவ்வதிகாரிகளுள்ளேயே சிலர் தமக்கும் தம் நண்பருக்கும் வந்த குற்றச்சீட்டுகளை ஒருவரை ஒருவர் கேட்டு இரத்துச் செய்துகொண்டமையும் அறிக்கையிலே வெளியாயிற்று. பொறுப்புணர்ச்சி என்னும் சொல், பணமும் அறிமுகமும் இல்லாதவருக்கு மாத்திரம் உரிய பாடமாக அங்கே இருந்தது.

மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2014ஆம் ஆண்டு செப்டெம்பரில் பேர்குசன் நகரசபை, மன்றில் முன்னிலையாகாமை என்னும் தனிக்குற்றத்தைச் சட்டக்கோவையிலிருந்து நீக்கியது. அடுத்த மாதத்திலே சென் லூயிஸ் நகரம் சிறு போக்குவரத்துக் குற்றங்களுக்கான ஏறத்தாழ 2 இலட்சத்து 20 ஆயிரம் பிடியாணைகளைக் கைவிட்டது. 2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே பேர்குசன் நீதவான் பதவி துறந்தார். புதிதாக வந்த நீதவான் டொனால்ட் மக்கலின், 2014ஆம் ஆண்டு முடிவுக்கு முன்னர் விடுக்கப்பட்ட பிடியாணைகள் அனைத்தையும் மீளப்பெறுமாறு 2015ஆம் ஆண்டு ஓகஸ்டிலே கட்டளையிட்டார். அவ்வாண்டிலேயே மிசூரிச் சட்டசபை, தண்டப்பண வருவாயின் எல்லையைச் சென் லூயிஸ் மாவட்டத்துக்கு நூற்றுக்கு 12½ வீதமாகவும் ஏனைய இடங்களுக்கு 20 வீதமாகவும் குறைத்தது. ஒரு மாவட்டத்துக்கு மாத்திரம் வேறு விதி வகுத்தல் தகாது என மாநில உயர் நீதிமன்றம் 2017ஆம் ஆண்டிலே தீர்த்தமையால், எல்லா இடத்துக்கும் 20 வீதமே எல்லையாயிற்று. 2016ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திலே, பொலிஸ் படையையும் மன்றையும் சீர்திருத்துவதாகப் பேர்குசன் நகரம் சமஷ்டி அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கையை நீதிமன்றம் ஏற்றது. தண்டம் செலுத்த வகையின்றி மறியலில் வாடியோர் 2015ஆம் ஆண்டிலே தொடுத்த வழக்கு ஒன்பது ஆண்டுகள் நீடித்தது. 2024ஆம் ஆண்டிலே அந்நகரம் 45 இலட்சம் டொலர் இழப்பீடு வழங்க இணங்கியது. பதினைந்தும் இருபதுமாகக் குடிகளிடம் பெற்றதன் ஒரு பகுதி, இலட்சக் கணக்கிலே திரும்பிச் சென்றது.

எனினும், சிறு பிடியாணையின் வல்லமை பேர்குசனோடு முடிந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே யூட்டா மாநிலத்து வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தக்க காரணமின்றி ஒருவரைப் பொலிஸ் உத்தியோகத்தர் மறித்தார். மறித்த பின்னர், போக்குவரத்துக் குற்றத்துக்கான பழைய பிடியாணையொன்று அவர் பெயரில் நிலுவையில் இருப்பதைக் கண்டார். அதனைக்கொண்டு கைது செய்து சோதித்தபோது போதைப்பொருள் அகப்பட்டது. மறித்தது தவறாயினும், பிடியாணை இருந்தமையால் அச்சான்று செல்லும் என ஐவர் தீர்த்தனர், மூவர் மறுத்தனர். மறுத்தவருள் ஒருவரான நீதியரசர் சோனியா சொற்றமயோர், நாடெங்கும் பதிவேடுகளிலே 78 இலட்சத்துக்கும் அதிகமான பிடியாணைகள் கிடப்பதையும், அவற்றுள் மிகப் பெரும்பாலானவை சிறு குற்றங்களுக்கானவையாகத் தோன்றுவதையும் எடுத்துக்காட்டினார். பேர்குசனின் பதினாறாயிரவரையும் நினைவுகூர்ந்தார். பெட்டியிலே உறங்கும் ஒரு தாள், அதிலே பெயர் எழுதப்பட்டவரின் உரிமையை ஒவ்வொரு நாளும் ஒரு படி தாழ்த்தி வைக்கின்றது என்பதே அவ்வழக்கு உணர்த்தும் உண்மை.

பிடியாணை தோன்றிய நோக்கம் இதுவன்று. அதிகாரி தன் விருப்பப்படி எவரையும் பிடித்தல் கூடாது. நடுநிலையுள்ள நீதவான் காரணத்தை ஆராய்ந்து எழுத்திலே ஆணையிட்ட பின்னரே பிடிக்கலாம் என்பதே அதன் தத்துவம். 1791ஆம் ஆண்டில் அமெரிக்க அரசியலமைப்பின் நாலாம் திருத்தம், சத்தியத்தோடு கூடிய தக்க காரணமின்றிப் பிடியாணை பிறக்கலாகாது என்று விதித்ததும் குடிகளைக் காத்தற்பொருட்டே. குடிகளுக்குக் கேடயமாக வார்க்கப்பட்ட இரும்பு, பேர்குசனிலே உண்டியலுக்குப் பூட்டாக அடிக்கப்பட்டது.

நீதவானின் கையொப்பத்துக்கு உள்ள மதிப்பு, அது அரிதாகவும் தக்க காரணத்தோடும் இடப்படுவதாலே பிறப்பது. நகரத்தில் நால்வருக்கு மூவர் என்னும் கணக்கிலே அது இடப்படும்போது, குற்றவாளியை அது பிரித்துக் காட்டுவதில்லை; ஏழையை மாத்திரமே பிரித்துக் காட்டுகின்றது. பேர்குசன் மன்று அந்த ஏழுவருடக் கணக்கிலே ஒரு பெண்ணிடமிருந்து 550 டொலர் பெற்றது. அதற்கு விலையாக அந்நகரம் இழந்தது, துன்பம் வந்த வேளையிலே பொலிஸாரை அழைக்கலாம் என்று குடிகள் கொண்டிருந்த நம்பிக்கை. வரவுசெலவுக் கணக்கின் எந்தப் பக்கத்திலும் அவ்விழப்பு எழுதப்படவில்லை.